மூன்று குச்சி, முழுக்கோழி

பல்கேரியாவில் திராட்சைக் கொடிக்குக் கவாத்துத் திருநாள், திரிஃபோன் சரெசான். புது நாட்காட்டிப்படி பிப்ரவரி 1, பழையபடி 14. வம்பெதற்கென்று இரண்டையும் கொண்டாடுவோர் உண்டு. ஊர் ஆண்கள் திரண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள். கவாத்து என்றால், மூன்று கொடியில் மூன்று மூன்று குச்சி. வெட்டுவாயில் கொஞ்சம் ஒயின் ஊற்றுகிறார்கள். மிச்சம் எங்கே போகிறது என்று கேட்பது நாகரிகமல்ல.

பிறகு பந்தி. பெண்கள் விடியுமுன் எழுந்து சுட்ட ரொட்டியும், வயிற்றில் அரிசி அடைத்து வாட்டிய கோழியும் ‘உழைத்துக் களைத்தவர்களுக்கு’.

காவல் புனிதர் திரிஃபோன், கதைப்படி, கவாத்துக் கத்தியால் தன் மூக்கையே அறுத்துக்கொண்டவர். தொழில் நேர்த்திக்கு வேறென்ன சான்று வேண்டும்?

கடைசியில் ஒருவருக்குக் கொடிக்குச்சியால் முடிசூட்டி ‘கொடிகளின் அரசன்’ ஆக்குகிறார்கள், பதவிக்காலம் ஓராண்டு. மீதிக் கொடியை யார் வெட்டுவது? அதற்கெல்லாம் அரசரைத் தொந்தரவு செய்யலாமா!