சாப்பாட்டு நேரத்தைத் தின்றவன்

எனக்கு வகுப்பு எடுக்க வராது. இது எனக்கே தெரியவந்தபோது வகுப்பு எடுத்தே பாதி ஆயுள் கழிந்திருந்தது. வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தேன், சங்கத்தில் சேர்ந்தேன், நன்றாகப் பேசுவான் என்று யாரோ ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மில், பவுண்டரி, கட்டட வேலை என்று கோவைச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சங்கம் பயிற்சி முகாம் போட்டாலும் என்னை அனுப்பிவிடுவார்கள். கல்யாண மண்டபத்து மாடி, பிளாஸ்டிக் நாற்காலி, பின்கட்டிலிருந்து வரும் சாம்பார் வாசனை, எப்போதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறவர்கள் அந்த ஒரு நாளையும் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார்கள். நான் அதை என்ன செய்தேன் என்பதுதான் இங்கே விஷயம்.

எனக்குப் பிடித்த பாடம் சங்க வரலாறு. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையில் ஆரம்பிப்பேன். பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளை ஒட்டிய பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஒரு பக்திச் சபை நடத்திவந்தார்கள். சொற்பொழிவு கேட்க வந்த ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் கஷ்டங்களையும் சொல்ல ஆரம்பிக்க, இருவரும் அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ அலுவலகத்துக்குப் போய் பி.பி. வாடியாவைப் பிடித்தார்கள். வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவரானார். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அந்தத் தொழிலாளர்கள் முதன்முதலில் வைத்த குறைகளில் ஒன்று.

இந்த இடத்துக்கு வரும்போது எனக்குக் குரல் தானாக ஏறும். ஒருமுறை அப்படி ஏறிய வேளையில் மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது. சமையல்காரர் கதவோரம் வந்து நின்றார், போனார், மறுபடி வந்தார். நான் கவனிக்கவே இல்லை. “சோறு தொண்டையில் இறங்குவதற்குள் தறிக்கு ஓடினானே அந்தத் தொழிலாளி!” என்று மேசையைத் தட்டினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பவுண்டரி மோல்டர் கேட்டார்: “நாங்க எப்பங்க தோழர் ஓடறது?”

அன்று மத்தியானப் பாடத்தில் கம்யூனிஸ்ட் முன்னோடி சிங்காரவேலரும் இருந்தார். 1923 மே 1 அன்று அவர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதையும், எட்டு மணி நேர வேலைக்காக உலகம் முழுக்க எத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பதையும் விளக்கி முடித்தபோது, காலை ஒன்பதுக்கு வந்தவர்கள் இரவு ஏழுக்கு வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஓவர்டைம் எதுவும் தரவில்லை.

இதில் பாடத்திட்டத்துக்கும் பங்கு உண்டு என்று சொல்லி என் பாரத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன். நம் சங்க வகுப்புகளுக்கு எழுதப்படாத வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் உலக நிலைமை, அப்புறம் தேச நிலைமை, அப்புறம் மாநிலம். சாயங்காலம் நாலரைக்கு டீ வந்த பிறகு, பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பையைத் தேடுகிற நேரத்தில், ‘நமது கிளையின் பிரச்சினைகள்’. கழிப்பறையில் தண்ணீர் வராத மில்லிலிருந்து வந்தவர் அதைச் சொல்லும் முறை வருவதற்குள், நாங்கள் வாஷிங்டனிலிருந்து திரும்பியிருக்கவே மாட்டோம்.

சரி, உலகமெல்லாம் வேண்டாம், சட்டம் எடுங்கள் என்றார்கள். கிராஜுவிட்டி. அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் வருடச் சட்டம், ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்கு உரிமை, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். நான் வங்கிக்காரன் வேறு. கரும்பலகையில் ராமசாமி என்று ஒரு தொழிலாளியை உருவாக்கினேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய். சர்வீஸ் 19 வருடம் 8 மாதம். பதினைந்து நாள் என்றால் அரை மாதம், ஆக 6,500. அதைப் பத்தொன்பதால் பெருக்கினால் 1,23,500. அடியில் இரண்டு கோடு போட்டேன். சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, “புரிந்ததா?” என்றும் கேட்டேன்.

ஓர் அம்மா கையைத் தூக்கினார். மில்லில், நூல் நூற்கும் ரிங் பிரேமில் சைடராக இருந்தவர். “26-ஆலீங்க வகுக்கோணும்?” என்றார். மாதத்துக்கு முப்பது நாள்தானே என்றேன், கொஞ்சம் பெருந்தன்மையாகவே. “நாலு ஞாயித்துக்கிழமையைக் கழிச்சுப் போடுங்க. சட்டத்துலயே அப்படித்தானுங்க போட்டிருக்குது.” எழுந்து வந்தார், என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500. பதினைந்து நாளுக்கு 7,500. ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடம் என்று கணக்கு, அதனால் சர்வீஸ் இருபது. மொத்தம் 1,50,000. நான் போட்ட இரண்டு கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதினார். கீழே கோடு கூடப் போடவில்லை.

எந்த முதலாளியும் பக்கத்தில் இல்லாமலே ராமசாமியின் 26,500 ரூபாயைக் கபளீகரம் செய்திருந்தேன். டீ நேரத்தில்தான் விவரம் தெரிந்தது. அவருடைய மில்லை மூடியபோது நிர்வாகம் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு, கூட வேலை பார்த்த அத்தனை பேருக்கும் ஒரு கோடு போட்ட நோட்டில் இவர்தான் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அந்த நோட்டோடு நடந்திருக்கிறார். “இதையெல்லாம் நீங்களே வகுப்பில் சொல்லியிருக்கலாமே அம்மா” என்றேன். “நீங்க கேக்கவே இல்லீங்களே” என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு வடை எடுத்து வைத்தார். அந்த வடையை நான் சாப்பிட்டதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்கப்புறம் திருந்த முடிவு செய்தேன். என்னைப் போன்றவர்கள் திருந்துவது என்றால் புத்தகம் வாங்குவது. பிரேசில்காரர் பாவ்லோ ஃப்ரெய்ரேவை வாங்கினேன். ஆசிரியர் அறிவை டெபாசிட் செய்ய, மாணவர் வாங்கி வைத்துக்கொள்கிற முறையை அவர் ‘வங்கிமுறைக் கல்வி’ என்று திட்டுகிறார். இருபது பக்கத்துக்குள் என் இருபது வருட உத்தியோகத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒரே அடியில் தீர்த்துவிட்டார். 1963-இல் வடகிழக்கு பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுத்த முயற்சி அவருடையது. அவர்கள் வாயில் தினமும் புழங்குகிற சொல்லை எடுப்பார். அதன் எழுத்தைக் காட்டுமுன் அதைப் பற்றி அவர்களையே பேசவிடுவார். அப்படிப் பேர்போன சொற்களில் ஒன்று ‘செங்கல்’. அடுத்த வருடமே ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரைச் சிறையில் போட்டது என்றால், செங்கல் நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்குமா? கட்டடத் தொழிலாளர் வகுப்பு ஒன்றுக்கு ஃப்ரெய்ரேவோடு போய் இறங்கினேன். எதிரே கொத்தனார்கள், நிமிந்தாள்கள், சித்தாள்கள். செங்கல் என்ற ஒரு சொல்லிலிருந்து கூலி, வீடு, நிலம் என்று உரையாடல் எப்படி விரியும், மக்களை எப்படிப் பேசவைக்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் விளக்கினேன். ஒருவரையும் பேசவிடவில்லை. முடிந்ததும் ஒரு சித்தாள் அக்கா படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். “செங்கல்லைப் பத்திச் சொல்றேன்னீங்களேன்னு பார்த்துட்டே இருந்தனுங்க. முந்தா நாள் வந்த லோடு பூராவும் வேகாத கல்லு. தூக்கையிலயே நுனி உதிருது. அதுலதான் சுவரு ஏத்தச் சொல்றாங்க. யாருகிட்டச் சொல்றது?” ஃப்ரெய்ரே இருந்திருந்தால் வகுப்பை அங்கேதான் ஆரம்பித்திருப்பார். நான் அங்கே முடித்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடித்தேன்.

பேச்சை நிறுத்திவிட்டுக் கையால் ஏதாவது செய்யலாம் என்று கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டை புதுப்பிக்கும் முகாமில் உட்கார்ந்தேன். கட்டடச் செலவில் 1 சதவீதம் நலவரி வசூலாகிறது. அதிலிருந்து உதவி வாங்க அட்டை உயிரோடு இருக்க வேண்டும். விரல் வைக்கச் சொன்னால் சிமெண்ட் அரித்த விரலில் ரேகையே விழாது. கையைக் கழுவி, எண்ணெய் தடவி, துடைத்து, மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் செல்போன் எண் கேட்டபோது, சிலரிடம் போன் இல்லை, சிலருக்கு எண் மனப்பாடம் இல்லை. வரிசை நீள்கிறதே என்று என் எண்ணையே போட்டுத் தள்ளினேன். பெரிய உபகாரம் செய்த திருப்தி. பிறகு மாதக்கணக்கில் யாராவது எங்காவது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நின்றுகொண்டு, “தோழர், ஓடிபி வந்துச்சுங்களா?” என்று கூப்பிடுவார்கள். நான் வகுப்பில் பேசிக்கொண்டிருப்பேன், போன் அணைத்திருக்கும். மகள் கல்விக்கான உதவித்தொகைக்காக ஒரு கொத்தனார் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து காத்திருந்து திரும்பிப் போயிருக்கிறார். இதை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

நியாயமாகப் பார்த்தால் என் யோக்கியதை எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1991-இல் நான் புதுக்கோட்டைக் கிளையில் இருந்தேன். எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் உச்சத்தில் இருந்த காலம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். கல் குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஊர் ஊராகச் சைக்கிள் பழகினார்கள். மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தொண்டர் என்ற முறையில் மைதானத்தில் அவர்களுக்குச் சைக்கிள் பிடித்துவிடும் வேலை எனக்கு. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. “பார்வை நேராக இருக்கட்டும், பயப்படக் கூடாது” என்று தைரியம் சொல்லிக்கொண்டே ஓடினேன். ஒருநாள் பழகி முடித்த ஒரு குவாரிப் பெண், “சார், ஏறுங்க, கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டுல விடறேன்” என்றார். கேரியரில் ஏறி உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் பெண் விடுதலை பற்றிப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

இப்போது நிலைமை இன்னும் மோசம். தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) ஒப்பந்தம், 18(1) ஒப்பந்தம் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிற அளவுக்கு நான் ஏற்றி வைத்திருந்த பிரிவு எண்களெல்லாம் காலாவதி ஆகிவிட்டன. 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருக்கிய நான்கு தொகுப்புகள் 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்துவிட்டன. எனக்கும் மறுபடி முதல் வகுப்புதான். போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

எடுத்தது சின்னப் பெண், சங்கத்தின் முழுநேர ஊழியர். உலக நிலைமை ஏதும் சொல்லவில்லை. எல்லோரையும் அவரவர் சம்பளச் சீட்டை எடுக்கச் சொன்னார். படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிஞ்சியது சம்பளக் கணக்கில் சேரும் என்று ஒரே வரி சொல்லிவிட்டு, உங்கள் சீட்டில் எவ்வளவு என்று பாருங்கள் என்றார். அப்புறம் அவர் பேசவே இல்லை. அறை முழுக்கச் சலசலப்பு. பக்கத்திலிருந்த லேத் ஆபரேட்டர் செல்போனில் பெருக்கிப் பார்த்துவிட்டு, கிராஜுவிட்டி கூடுமா என்று எதிர்வரிசைக்காரரிடம் கேட்டார். அவர் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. “ஒரே ஒரு கேள்வி” என்று எழுந்தேன். வேலைநிறுத்த முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் வந்துவிட்டதில் ஆரம்பித்து, 1947-ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்துக்குப் போய், அங்கிருந்து வாடியாவைத் தொட்டு, பெரம்பூரில் கொஞ்சம் நின்று திரும்பினேன். அந்தப் பெண் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரிங்க தோழர்,” என்றார். “இதுல கேள்வி எதுங்க?”