பாயசம் வருவதற்குள் ஒரு பதவி உயர்வு

"அப்பா என்ன பண்றார் தம்பி?"

பழைய மகாபலிபுரம் சாலையில் பதினான்காவது மாடி. என் மேலாளர் வீட்டு விருந்து. கேட்டவர் வீட்டு அம்மையார். நேரடியாகச் சாதி கேட்பது அநாகரிகம் என்று படித்தவர்களுக்குத் தெரியும். அதனால் முதலில் ஊர் கேட்பார்கள். பிறகு ஊரில் எந்தத் தெரு. அதிலும் பிடி கிடைக்காவிட்டால் அப்பாவிடம் வருவார்கள்.

"கார்ப்பரேஷன்ல இருக்கார் ஆன்ட்டி."

பொய் இல்லை. முப்பது வருஷமாக விடியுமுன் மஸ்டருக்கு ஓடுகிற மனுஷன்.

"எந்த டிபார்ட்மென்ட்?"

"சாலிட் வேஸ்ட் மேனேஜ்மென்ட்."

இதுவும் பொய் இல்லை, துறையின் பெயரே அதுதான். அம்மையார் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்தது. "மேனேஜ்மென்ட்டா! பார்த்தாலே தெரியுதே, நல்ல குடும்பம்."

பாயசம் வருவதற்குள் அப்பா அதிகாரி ஆகிவிட்டார். முப்பது வருஷமாக மாநகராட்சி தராத பதவி உயர்வு. வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டவன் நான். என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் வரிசையில் எனக்கு முன்னால் நிறைய பேர் நிற்கிறார்கள்.

அந்த வாரம் அப்பாவின் வலது உள்ளங்கையில் மூன்று தையல். யாரோ உடைந்த பாட்டிலை மீந்துபோன சோற்றுக்குள் புதைத்துக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை எல்லாம் ஒரே பை. அவருக்கு அம்மா ஊட்டிக்கொண்டிருந்த வேளையில்தான் நான் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அப்போ அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுப்பா. ரெண்டு நாளா எங்க குப்பையை எடுக்கலை. அந்த ஆளுங்களுக்கு அவ்வளவு திமிர்!"

அந்த ஆளுங்க. கொரோனா நேரத்தில் அவர்களுக்கும் சேர்த்து நன்றி சொல்லத்தான் 2020 மார்ச் 22 அன்று இந்த வீட்டார் இதே பால்கனியில் நின்று தட்டைத் தட்டினார்களாம், அதைப் பெருமையாகச் சொன்னார்கள். அந்த வருஷம் அப்பாவுக்குப் பட்டங்கள் குவிந்தன: துப்புரவு போய் தூய்மை வந்தது, கூடவே 'முன்களப் பணியாளர்'. அதற்கு முந்தைய வருஷம் கும்பமேளாவில் பிரதமரே தூய்மைப் பணியாளர்களின் காலைக் கழுவினார். காலைக் கழுவலாம், படம் எடுக்கலாம், பகிரலாம். சம்பளம் என்று வாயைத் திறந்தால்தான் சங்கடம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 13ஆம் தேதி இரவு போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. அள்ளுவதற்கு நம்மிடம் வண்டி இல்லை என்று யார் சொன்னது? பேச்சு அதற்குத் திரும்பியபோது மேசையின் ஒரே கவலை, அந்தப் பக்கம் டிராஃபிக்.

சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தால் 30 லட்சம் தரவேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவரை 10 லட்சம்தான். செத்தால் விலை ஏறுகிறது. உயிரோடு வந்து இந்த நாற்காலியில் உட்கார என்ன விலை என்றுதான் தெரியவில்லை.

இரவு வீட்டுக்கு வந்து சொன்னேன். பதவி உயர்வை அல்ல, குப்பையை மட்டும்.

"எந்தத் தெருடா?" என்றார். அவர் வார்டு அல்ல. இருந்தும் இடது கையால் போனைத் தடவி, அந்தப் பக்கம் வேலை பார்க்கிற ஒருவரைக் கூப்பிட்டுக் கெஞ்சாத குறையாகப் பேசினார். "பையனோட ஆபீஸ்காரங்க வீடுப்பா, கொஞ்சம் பாத்துக்கோ."

மறுநாள் குப்பை போய்விட்டது. மேலாளர் என் முதுகில் தட்டினார். "அப்பாவுக்கு நல்ல செல்வாக்குய்யா!"

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்குப் பட்டம் வேண்டாம், தட்டும் தட்ட வேண்டாம். உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் தனியாகச் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியும்.