சேவலார் கைவரிசை

கேள்வி: எங்கள் வீட்டுச் சேவலைப் போன வாரம்தான் குழம்பு வைத்தோம். இப்போது பெட்டைக்கோழி இடுவது கரு கூடிய முட்டையா, வெறும் முட்டையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள்! சேவலின் விந்து பெட்டையின் உடலுக்குள் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் உயிரோடு தங்கும். குழம்பு செரித்த பிறகும் மனிதர் அப்பாவாகிக்கொண்டிருப்பார்.

ஒரு முட்டையைத் தட்டில் உடைத்து ஊற்றி, மஞ்சள் கருவின் மேல் உள்ள வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். அது எல்லா முட்டையிலும் உண்டு. ஓரம் பிசிறடித்த சின்னத் திட்டாக இருந்தால் வெறும் முட்டை. கேரம் போர்டின் நடு வட்டம் மாதிரி, சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்தில் வளையம் தெரிந்தால் சேவலார் கைவரிசை. இரத்தத் துளியைக் கண்டு பதறாதீர்கள். முட்டை உருவாகும்போது பெட்டையின் உடலில் ஒரு நுண்குழாய் கசிந்திருக்கும், அவ்வளவுதான்.

உடைக்க மனசு வரவில்லையா? அடை வைத்த ஏழாம் நாள் இருட்டறையில் முட்டைக்கு அடியில் டார்ச் அடியுங்கள். சிவப்பு நரம்பு ஓடினால் குஞ்சு வளர்கிறது. ஒன்றுமில்லாமல் பளிச்சென்றிருந்தால் கூமுட்டை. அன்றன்றைக்கு எடுக்கும் முட்டையென்றால் ஆம்லெட்டில் இரண்டும் ஒரே ருசிதான். வெங்காயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.