குச்சிய ஒடிச்சு நட்டாப் போதுமுங்க அண்ணி

நாத்தனார் ஊருக்குப் போய்விட்டாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மே மாதம். போட்டில் போயாகிவிட்டது, அருவி பார்த்தாகிவிட்டது, ஷூட்டிங் மட்டத்தில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் படமும் எடுத்தாகிவிட்டது. பார்க்க வேறு ஒன்றும் மிச்சமில்லை என்பதால் சாயங்காலக் காபியோடு பைக்காராவில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து நின்றாள். சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க அண்ணி, வெயில் இந்தப் போடு போடுது. செவுத்தப் போய் இப்படி மொட்டையா உட்டு வெச்சிருக்கீங்களே! கலர் கலரா ஏதாச்சும் தொங்க உட்டா எப்படி இருக்கும்?"

இந்த வசனத்தை வாழ்நாளில் ஒருதரமாவது பேசாதவர் நம்மில் யாரும் இல்லை. நானே குன்னூரில் ஒரு வீட்டுப் படிக்கட்டில் நின்றுகொண்டு, அந்த வீட்டம்மாவின் முகம் போகிற போக்கைப் பார்த்தபடியே பேசியிருக்கிறேன். ஆகையால் வியாதியை விளக்கப் போவதில்லை. வெயில் சுவருக்கு எந்தத் தொங்குகொடி சரிப்படும் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் சுவர் அழகுக்குக் கட்டியதல்ல. மேட்டில் இருக்கிற மண் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துவிடாமல் இருக்கக் கட்டிய கருங்கல் கட்டு. நீர் வடிவதற்கு நடுநடுவே பைப் துண்டுகள் செருகியிருக்கும். மேற்குப் பார்த்தது. வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் கல்லில் கை வைத்தால் சுடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேற்கிலிருந்து வெயில் மட்டுமா வருகிறது? ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழையும் அதே திசையிலிருந்துதான் வந்து அதே சுவரில் மோதுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, நீலகிரியின் மேற்குப் பக்கத்து மழை என்றால் அந்த ஜாதி. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் நீர்ப்பனி. பின்னாலேயே உறைபனி. ராத்திரி புல்லெல்லாம் வெள்ளையாகி, காலையில் கார் கண்ணாடியைச் சுரண்ட வேண்டியிருக்கும். அன்றைக்கே மத்தியானம் கல் சுடும். பிப்ரவரி, மார்ச்சில் சொட்டு மழை இராது. இத்தனையும் தாங்கி, அதற்கு மேல் ராத்திரியில் கடமான் வந்து மேய்ந்ததையும் தாங்கி, மே மாதம் விருந்தாளி வரும்போது கலர் கலராகத் தொங்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

இந்த மழையை நான் குறை சொல்லவில்லை. இதைப் பிடித்து வைத்துத்தான் 1932இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அந்தக் கரண்டில்தான் கோயம்புத்தூரில் மில்கள் பெருகின. கோயம்புத்தூரில் நூல், திருப்பூரில் பனியன், பனியனில் நாத்தனார் வீட்டுக்கு இரண்டு மாடி. என் சுவரில் அடித்த மழைதான் அவள் மாடியாக எழும்பியிருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் ரசிக்கவில்லை. பேசிக்கொண்டே குனிந்து, பைப் ஓட்டையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு கொடியைப் பிடித்து வேரோடு இழுத்தாள்.

"களை மண்டிக் கெடக்குது பாருங்க."

அது களை இல்லை, நாஸ்டர்ஷியம். பெரு நாட்டுச் செடி. வெள்ளைக்காரர் தோட்டத்திலிருந்து எப்போதோ தப்பி வந்து, மலையில் ஈரம் இருக்கிற வேலியோரமெல்லாம் தானாகவே முளைத்துக் கிடக்கிறது. இலை, தாமரை இலையை ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருக்கியது மாதிரி வட்டமாக இருக்கும். காம்பு ஓரத்தில் இல்லாமல் அடிப்பக்கம் நடுவில் வந்து சேரும். காலையில் பார்த்தால் ஒவ்வொரு இலையிலும் ஒரு முத்துத் தண்ணீர், இலையை நனைக்காமல் உருளும். பூ ஆரஞ்சு, மஞ்சள், சில சமயம் ரத்தச் சிவப்பு. பின்பக்கம் தேனுக்கு ஒரு வால். இலையைக் கிள்ளி வாயில் போட்டால் கடுகு மாதிரி சுள்ளென்று ஏறும். உறைபனி விழுந்த ஒரே ராத்திரியில் கருகிவிடும், ஆனால் அதற்குள் கல் இடுக்கில் விதையைத் தள்ளிவிட்டிருக்கும். யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. சுவரில் கலர் கலராகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அது. அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு அவள் சொன்னாள்: "காகிதப்பூ வெய்யுங்க. குச்சிய ஒடிச்சு நட்டாப் போதுமுங்க அண்ணி."

காகிதப்பூவைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுவருக்கு வந்துவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் சுவர் என்று ஒன்று இருந்தால் அதற்குக் காகிதப்பூ என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? பெட்ரோல் பங்கில் காகிதப்பூ. இன்ஜினீயரிங் காலேஜ் வாசலில் காகிதப்பூ. கல்யாண மண்டபத்தில், டோல்கேட்டில், நாலுவழிச் சாலையின் நடுவில் அரளிக்குப் போட்டியாகக் காகிதப்பூ. மொட்டை மாடித் தோட்டம் போடுகிறவர் முதலில் வாங்குவது, கடைசியில் மிஞ்சுவது, இரண்டும் அதுதான். ஒரே செடியில் நாலைந்து கலர் ஒட்டுக்கட்டி நர்சரிக்காரர்கள் விற்கிறார்கள். வாங்கிய வருஷம் நாலைந்து கலரும் பூக்கும். போகப்போகப் பலசாலியான ஒரு கலர் மற்றவற்றை அமுக்கிவிடும், கூட்டுக் குடும்பத்தில் நடக்காததா.

அது பூகூட இல்லை. கலராகத் தெரிகிற மூன்றும் இலை. நடுவில் வெள்ளையாக, குண்டூசித் தலை மாதிரி எட்டிப்பார்க்கிறதே, அதுதான் பூ. தலையில் வைக்க முடியாது. மாலை கட்ட முடியாது. மோந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. முள் மட்டும் நிஜம். கவாத்து பண்ணப் போனவர்கள் முழங்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

1767இல் பிரான்சிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பிய கப்பல் ஒன்று பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது, அதில் வந்த தாவரவியல்காரர் பிலிபெர் கொமர்சோன் கண்ணில் இந்தக் கொடி பட்டது. உதவியாளாக ஆண் வேஷத்தில் அவரோடு வந்தவர் ழான் பாரே என்ற பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக் கூடாது, அதற்காக வேஷம். உலகத்தைச் சுற்றி வந்ததாகத் தெரிந்த முதல் பெண் அவர்தான். கொமர்சோனுக்குக் காலில் புண், அதிகம் நடக்க முடியாது. ஆகவே மலையேறிக் கொடியைப் பறித்து வந்தவர் பாரேயாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி. செடிக்கு யார் பெயர் வைத்தார்கள்? பயணத்தின் தலைவர் பூகன்வீல் பெயர். மனிதர் பயணத்தை நடத்தினார், அதற்கும் கொடிக்கும் என்ன சம்பந்தம்? இதை என் கணவரிடம் சொன்னால், "அதுக்கும் என் தங்கச்சிக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார். சம்பந்தம் இருக்கிறது. குழி தோண்டப் போவது நான், எரு போடப் போவது நான், பனிக்கு மூடப் போவது நான். பூத்துவிட்டால் மட்டும் "நாத்தனார் சொல்லி வெச்ச செடி."

அதன் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் காட்டாமல் காயப்போட்டால்தான் பூக்கும். பிரியமாக நீர் ஊற்றினால் இலையும் முள்ளுமாக வளர்ந்து நிற்கும். பைக்காராவில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அதைக் காயப்போடுவது எப்படி? மழையிடம் யார் பேசுவது? மேட்டுப்பாளையத்தில் அது வெறிபிடித்துப் பூக்கிறது. குன்னூர் வரைக்கும் ஏறி வந்தும் பூக்கிறது, மறுக்கவில்லை. ஊட்டியிலேயேகூடப் பனி விழாத மூலையாகப் பார்த்து வைத்தால் பிழைக்கலாம். நாங்கள் இருப்பதோ குளிர்காற்று இறங்கி வந்து தேங்குகிற பள்ளம். உறைபனியில் இளந்தண்டு வெந்த கீரையாகிவிடும். குச்சியை நட்டால் போதும் என்றால், கடைசியில் இருப்பதும் குச்சிதான்.

எங்கே விட்டேன்? சுவர்.

நாத்தனார் சும்மா போகவில்லை. சுவரைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் போனாள். சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா, அந்த ஊர் நடைமேம்பாலங்களில் வரிசையாகப் பூத்துத் தொங்குகிற செடியைப் படமெடுத்து அனுப்பினார். அதுவும் காகிதப்பூ. சென்னைக்காரர்கள் ரங்கூன் மல்லி என்றார்கள். மதுரைப் பெரியம்மா டேபிள் ரோஸ் என்றார். பத்துமணிப் பூ என்கிறோமே, அதுதான். தங்கமான செடி, வெயில் ஏறினால்தான் வாயைத் திறக்கும். ஜூனில் மூடிய வாயை அது இங்கே அக்டோபரில்தான் திறக்கும். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் மணி பிளான்ட் சொன்னார், அதுவும் திருடி வைத்தால்தான் வளருமாம். பக்கத்து வீட்டு மாமி ஊதா நிற மார்னிங் குளோரி தருவதாகச் சொன்னார். அது சுவரை மூடும், பிறகு வீட்டை மூடும், பிறகு சோலைக்குள் போய் மரத்தை மூடும். இந்த மாதிரி அந்நியச் செடிகளை அப்புறப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2022இல் தனியாகக் கொள்கையே வகுக்க வேண்டியதாயிற்று. உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் "கலரா இருக்கே" என்று யாரோ ஆசைப்பட்டுத் தோட்டத்தில் வைத்ததுதான். இன்றைக்கு முதுமலைப் பக்கம் போனால் யானை நுழைய இடமில்லை.

நர்சரிக்கும் போனேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். தொங்கு தொட்டியில் பெட்டூனியா, அட்டையில் சூரியன் படம்.

"ஃபுல் சன் பிளான்ட் மேடம். வெயில் அடிக்க அடிக்கப் பூக்கும்."

"மழை அடிச்சா?"

"மழை வந்தா மட்டும் கொஞ்சம் எடுத்து உள்ள வெச்சிடுங்க."

"சுவரையா?"

அவர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஊட்டி மலர்க் கண்காட்சி. 1848இல் மெக்ஐவர் என்கிற வெள்ளைக்காரர் வந்து தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். 1896லிருந்து கண்காட்சி நடக்கிறது. மே மாதம் வந்து பார்க்கிறவர்களுக்கு, மலை என்றால் எந்நேரமும் இப்படித்தான் பூத்துக் குலுங்கும் என்ற நினைப்பு. அந்தத் தொட்டிகளுக்குப் பல மாதம் முன்பே விதை போட்டு, நாற்று எடுத்து, மாற்றி நட்டு, மாடத்தில் கூரைக்குக் கீழே அடுக்கியிருக்கிறார்கள் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. டிசம்பரில் அதே பூங்காவுக்குப் போனால், பனிக்குப் பயந்து அழகுச்செடிகளைக் கோத்தகிரி மிலார் தழையால் போர்த்தி வைத்திருப்பார்கள். அரசாங்கத் தோட்டத்துக்கே போர்வை வேண்டியிருக்கிறது. என் சுவருக்கு எத்தனை கட்டு மிலார் சுமப்பது?

எந்தக் கொடி என்று சொல்வதாகச் சொன்னேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான கொடி ஒன்று இருக்கிறது: துன்பெர்ஜியா மைசூரென்சிஸ். மஞ்சளும் அரக்குச் சிவப்புமாகப் பூக்கள் நீளச் சரமாகத் தொங்கும், தேன்சிட்டு வந்து தலைகீழாக ஆடும். இங்கிலாந்தில் கண்ணாடி வீடு கட்டி அதற்குள் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதே நர்சரியில் கேட்டேன். "அது காட்டுச் செடி மேடம்" என்றார்கள். வாங்கியே தீருவது என்று விசாரித்ததில், அதுவும் உறைபனி தாங்காதாம். ஜெரேனியத்தைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், காகிதப்பூ இடத்தைத் தின்றுவிட்டது.

எனவே மே மாதம் மலைக்கு வருகிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரைப் பாருங்கள், பிடித்தால் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பைப் ஓட்டையில் எது முளைத்திருந்தாலும் கை வைக்க வேண்டாம். யோசனை சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஜூலையில் வாருங்கள். இ-பாஸ் சிரமமில்லாமல் கிடைக்கும், ரூம் வாடகையும் குறைவு. குடை கொண்டு வராதீர்கள், இந்தக் காற்றில் நிற்காது. மேற்குப் பார்த்து அரை மணி நேரம் அந்தச் சுவரோரம் நில்லுங்கள். அதற்கப்புறம் நீங்கள் எந்தக் கொடியைச் சொன்னாலும், காகிதப்பூவே ஆனாலும், மறுநாள் காலையில் குழி தோண்டுகிறேன்.