இறங்கிடுச்சா?

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்: "டிகாஷன் இறங்கிடுச்சா?" இன்னொரு கால் செருப்பு அப்போதும் காலில்தான் இருக்கும்.

இவரை உங்களுக்குத் தெரியும். லிப்ட் பொத்தானில் விளக்கு எரிந்த பிறகும் நாலு தடவை அமுக்குபவர். சிக்னலில் ஆறு வினாடி பாக்கி இருக்கும்போதே ஆரன் அடிப்பவர். கல்யாணப் பந்தியில் ரசத்துக்கு வந்திருக்கிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பிடரியில் மூச்சு விடுபவர். அதையெல்லாம் மன்னித்துவிடலாம். பில்டரைத் திறந்து பார்ப்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. (என் மனைவியின் அக்கா கணவர் இதைப் படிக்க நேர்ந்தால் வருத்தப்பட வேண்டாம். இது வேறொருவர்.)

பில்டர் ரொம்பச் சாதுவான பாத்திரம். மேலடுக்கின் அடியில் ஓட்டைகள், அதன்மேல் பொடி, பொடியை அமுக்க ஒரு குடை, குடைமேல் கொதிநீர். மூடிவிட்டு மனிதன் விலகிக்கொள்ள வேண்டும். மோட்டார் கிடையாது, சுவிட்சு கிடையாது. பூமியின் இழுப்பை நம்பித்தான் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கால் மணியோ இருபது நிமிடமோ ஆகும். என் பாட்டி காலத்திலும் அவ்வளவுதான் ஆயிற்று. பூமி இன்னும் பழைய வேகத்தில்தான் இழுக்கிறது.

இரண்டாவது நிமிடம் அவர் சமையலறையில் இருப்பார். முதலில் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். தண்ணீர் மேலேயே நிற்கும்; நிற்காமல் எங்கே போகும்? "பாலு, தயிரு, கத்திரிக்காய் எல்லாம் பத்து நிமிஷத்துல வாசலுக்கு வந்துடுது. இது மேலேர்ந்து கீழ வர இவ்வளவு நேரமா?" என்பார். பிறகு துணியால் பிடித்துத் தூக்கிக் காதருகே வைத்துக்கொள்வார், முற்றலா இளசா என்று தேங்காய் பார்க்கிற மாதிரி. அடுத்தது ஸ்பூன். மேலடுக்கின் விலாவில் டங் டங்கென்று நாலு தட்டு. கடைசியாகக் குடைக்காம்பைப் பிடித்து மெல்ல ஒரு திருகு. முடிந்தது. அமுங்கியிருந்த பொடி கலைந்து, தண்ணீர் சந்து பார்த்துச் சாரத்தைத் தொடாமல் மடமடவென்று கீழே வந்துவிடும்.

"பார்த்தியா சகலை, தட்டினாத்தானே இறங்குது!"

கீழடுக்கில் புளிக்கரைசல் நிறத்தில் ஏதோ இருக்கும். அடியில் அரை ஸ்பூன் வண்டல். அதில் பாலை ஊற்றிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். "முன்ன மாதிரி இப்ப பொடியே வர்றதில்ல. வெறும் சிக்கரியா கலக்கிறான்."

இத்தனை அவசரக்காரர் உடனடிக் காபி குடிக்கலாமே. நெஸ்கபே 1938-லேயே வந்துவிட்டது. ஒரு ஸ்பூன் தூள், வெந்நீர், தீர்ந்தது வேலை. ஒருநாள் கலந்தே கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த விதத்தில் எங்கள் வீட்டு மரியாதையையும் சேர்த்தே வைத்தார். "இதெல்லாம் மனுஷன் குடிப்பானா?"

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவருக்கு வேண்டியது அதே இருபது நிமிடக் காபிதான். அந்த இருபது நிமிடத்தை மட்டும் வேறு யாராவது முன்கூட்டியே காத்திருந்து தீர்த்து வைத்திருக்க வேண்டும். இட்லியும் அப்படித்தான். பாக்கெட் மாவு ஆகாது. ஆனால் மார்கழிக் குளிரில் ராத்திரி பத்துக்கு ஆட்டி வைத்த மாவு விடியற்காலை ஐந்தரைக்குப் பொங்கவில்லை என்றால் மாவோடு சண்டைக்குப் போவார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் கண்விழிக்கும்போதெல்லாம் டிகாஷன் இறங்கித்தான் இருந்திருக்கிறது. முதலில் அம்மா நாலரை மணிக்கு எழுந்தார். பிறகு அவர் மனைவி, என் அண்ணி, எழுந்தார். அண்ணிக்கு இப்போது முழங்கால் வலி, இப்போதும் எழுகிறார். அறுபது வயதில் எங்கள் வீட்டில்தான் அவர் முதன்முதலாக ஒரு பில்டர் வேலை செய்வதைப் பார்க்கிறார். இது வேடிக்கையாக எனக்குப் படவில்லை.

நியாயமும் ஒன்று சொல்ல வேண்டும். போன ஆடியில் ஒருநாள் நிஜமாகவே இறங்கவில்லை. அரை மணி ஆகியும் நாலே சொட்டு. இரண்டு அடுக்கும் இறுகப் பொருந்திவிட்டால் கீழே அடைபட்ட காற்றுக்கு வெளியேற வழியிருக்காது; அது போனால்தான் டிகாஷன் வரும். மேலடுக்கை ஒரு நூல் தூக்கிவிட்டால் போதும். எனக்கு அது தோன்றவில்லை. அவர் வந்தார், வழக்கம்போல் தூக்கினார். ஒழுக ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் நடந்த ஒரு காதுகுத்திலும் ஒரு கிரகப்பிரவேசத்திலும் அந்தக் கதையைச் சொல்லாமல் அவர் இலையில் உட்காரவில்லை.

பொறுமையே இல்லாத ஆள் என்று அவரை நான் சொல்ல மாட்டேன். வெள்ளையடிக்க வேண்டுமென்று வாங்கிப்போன என் ஏணி 3 வருஷமாக அவர் வீட்டு மொட்டைமாடியில் சாய்ந்திருக்கிறது. போன வாரம் கேட்டேன்.

"அதுக்கென்ன சகலை இப்ப அவசரம்?" என்றார்.