இரு கைக் கணக்கப்பிள்ளை

கண்டி வாவிக் கரையில் விடியற்காலை நடப்பவர்களுக்குள் இவரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். இடது மணிக்கட்டில் அடி எண்ணும் மெல்லிய கறுப்புப் பட்டி, வலது மணிக்கட்டில் அகலமான ஜிபிஎஸ் கடிகாரம். இரண்டு கையிலும் கட்டியிருக்கிறாரே என்று நம்பி நேரம் மட்டும் கேட்டுவிடக் கூடாது.

"அண்ணே, மணி என்னங்க?"

இடது கையைத் திருப்பினால் 4,212 என்று வரும். வலது கையைத் திருப்பினால் 6:48 என்று வரும். எட்டிப் பார்த்த தம்பி, இன்னும் ஏழு ஆகவில்லை என்ற நிம்மதியில் ஆற அமர நடந்து போய்க் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸைத் தவறவிடுவார். அது நேரமே இல்லை. அண்ணன் ஒரு கிலோமீற்றரை எத்தனை நிமிடத்தில் ஓடுகிறார் என்ற கணக்கு அது.

இவரை ஒரே ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். கொழும்பு வீதித் துணிக்கடையிலும், வங்கிக் கவுண்டருக்குப் பின்னாலும், பாடசாலை ஆசிரியர் அறையிலும், பேராதனைப் பக்கத்து விரிவுரையாளர்களுக்கு மத்தியிலும் இவர் இருக்கிறார். வயது நாற்பத்தைந்துக்கு மேல். சீனி கொஞ்சம் கூட என்று ரிப்போர்ட் வந்த அன்று, "கொஞ்சம் நடங்க" என்று டொக்டர் சொல்லியிருப்பார். அந்தக் "கொஞ்சம்" என்ற அளவுதான் இவருக்குப் பிடிக்கவில்லை. லண்டனில் இருக்கும் மகள் பட்டியை அனுப்பி வைத்தாள். நடை ஓட்டமாகி, முதல் பத்துக் கிலோமீற்றர் போட்டியில் ஒரு பதக்கமும் கழுத்தில் விழுந்த பிறகு, கடிகாரத்தைத் தன் காசிலேயே வாங்கினார். பட்டியைக் கழற்றினால் மகள் கோபிப்பாள், கடிகாரத்தைக் கழற்றினால் போட்ட காசு உறுத்தும். இரண்டும் கையிலேயே தங்கிவிட்டன.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டிய வாவியைச் சுற்றி வர சுமார் 3.2 கிலோமீற்றர் என்பது ஊருக்கே தெரியும். இவருடைய கடிகாரம் அதை 3.31 என்கிறது. பட்டி 3.02 என்கிறது. மறுநாள் கடிகாரம் 3.27, பட்டி 3.09. இலைக்கஞ்சி விற்பவரிடம் கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே இவர் இந்த வித்தியாசத்தை விளக்குவார். "நேத்தும் இதே சுத்துதானே, மஹத்தயா?" என்று அவர் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இவருக்குப் பதில் சொல்லப் பிடிக்காது.

இரண்டு கருவிகளுக்கும் தொழிலே வேறு. கடிகாரம் மேலே பார்க்கிறது. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால்தான் அதனால் தான் நிற்கும் இடத்தைக் கணிக்க முடியும். விநாடிக்கு விநாடி அப்படிக் குறித்த புள்ளிகளை இணைத்துத் தூரம் சொல்கிறது. பொதுமக்களுக்குப் போகும் சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த காலமும் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. 2003இல் கார்மின் நிறுவனம் ஓடுபவர்களுக்கென்று முதல் ஃபோர்ரன்னர் கடிகாரங்களை இறக்கியது. வானம் திறந்திருந்தால் அவை நன்றாகவே வேலை செய்யும். கண்டியில் வானம் எங்கே திறந்திருக்கிறது? கரையோரம் கிளை விரித்த பெருமரங்கள், ஒரு பக்கம் உடவத்தகலைக் காடு, மறுபக்கம் மேடேறிப் போகும் வீதிகளும் கட்டடங்களும். சமிக்ஞை இலையில் நனைந்து, சுவரில் மோதி, தாமதித்து வந்து சேருகிறது. அதனால் போனில் விரியும் வரைபடத்தில் இவர் சில நாள் குயின்ஸ் ஹோட்டலுக்குள் புகுந்து வெளியே வந்திருப்பார். ஒரு நாள் மன்னன் நடுவாவியில் விட்டுவைத்த தீவைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் மேலேயே ஓடியிருந்தார். அந்தப் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பவில்லை.

பட்டிக்கு மேலே பார்க்கும் பழக்கமே இல்லை. கை எப்படி ஆடுகிறது என்பதை மட்டும் அது கவனிக்கிறது. ஆட்டத்தின் தாளம் நடைக்குப் பொருந்தினால் ஓர் அடி என்று எழுதிக்கொள்ளும். உயரத்தை வைத்து ஊகித்த ஓர் எட்டின் நீளத்தால் அந்த அடிகளைப் பெருக்கினால் தூரம் வந்துவிடும். பஹிரவகந்தை ஏற்றத்தில் எட்டு குறுகிப் போவதெல்லாம் அதற்குத் தெரியாது. அப்பாவி. ஏமாற்றுவதும் எளிது. மஹியாவையிலிருந்து குண்டும் குழியுமான பாதையில் த்ரீவீலரில் வந்தால் சில நூறு அடி சேரும். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பஜனையில் உற்சாகமாகக் கை தட்டினாலும் சேரும். எசல பெரஹராவில் மேளம் அடிப்பவர் யாராவது பட்டி கட்டிக்கொண்டு போனால் அந்த ஓர் இரவில் நாட்டின் சாதனைகள் எல்லாம் முறியும் என்பது இவருடைய ஆசை கலந்த சந்தேகம்.

வீட்டில் இதனால் ஒரு நன்மை விளைந்தது. தேங்காய் துருவினால் அடி ஏறுகிறது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து துருவலைப் பலகை இவர் பொறுப்பு. "என்னங்க, சம்பலுக்கு ஒரு பாதி போதும்" என்று மனைவி சொன்னாலும் இரண்டு தேங்காய் துருவிவிட்டுத்தான் எழுவார். மாறாக, மழையில் குடை பிடித்து நடந்தால் குடை பிடித்த கை ஆடாது, பட்டி பாதியைத் தின்றுவிடும். கண்டியில் குடையில்லாமல் நடப்பது என்றால் என்ன என்று ஊரறியும். இவர் குடையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையைப் பட்டாளத்துக்காரர் அளவுக்கு வீசி நடக்கிறார்.

மாடிக் கணக்கு வேறு. காற்றழுத்தத்தைப் பார்த்து, ஏறத்தாழ பத்தடி உயர்ந்தால் ஒரு மாடி என்று இப்படிப்பட்ட பட்டிகள் குறிக்கும். மலைநாட்டில் வீடு வைத்திருப்பவருக்கு இது சும்மா வரும் சொத்து. கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வந்தாலே பன்னிரண்டு மாடி. மழை கட்டிக்கொண்டு வரும்போது அழுத்தம் இறங்கினால், நாற்காலியில் இருந்தபடியே ஓரிரண்டு மாடி ஏறுவதும் உண்டு.

இவருடைய பாட்டி ஹந்தானைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இதே கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் முதல் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, மலை ஏறி இறங்கிய கால்களை யாரும் எண்ணியதில்லை. கொழுந்தைத்தான் நிறுத்தார்கள். ஈரத்துக்கென்று கொஞ்சம், சாக்குக்கென்று கொஞ்சம் கழித்துக் கணக்கப்பிள்ளை எழுதுவார். சொன்ன நிறை வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். அந்தக் கணக்கப்பிள்ளையை நினைத்துப் பாட்டி கடைசி வரை பல்லைக் கடித்தார். பேரன் காசு கொடுத்து இரண்டு கணக்கப்பிள்ளைகளை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டிருக்கிறார். இரவு பத்தரைக்குப் பட்டி பத்தாயிரம் அடியைத் தொடாமல் 9,640 என்று காட்டினால் இவருக்கு அன்று அரைப்பேர். படுக்கையைச் சுற்றி நடந்து மிச்சத்தை நிரப்பாமல் தூக்கம் வராது. பாட்டி பார்த்திருந்தால் சிரித்திருப்பாரா, துடைப்பத்தைத் தேடியிருப்பாரா என்பது தெரியவில்லை.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்பதும் இவருக்குத் தெரியும். ஜப்பானில் 1964 ஒலிம்பிக் சூடு ஆறுவதற்குள், 1965இல் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றை விற்றது. அதற்கு வைத்த பெயரின் பொருளே பத்தாயிரம் அடி அளவி என்பதுதான். விற்பனைக்கு வைத்த முழு எண் உலகத்தின் உடல்நலச் சட்டமாகிவிட்டது. 2019இல் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரின் குழு பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட முதிய பெண்களைப் பார்த்ததில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு வீதம் குறைந்திருந்தது. 7,500 அளவில் அந்தப் பலன் சமநிலைக்கு வந்துவிட்டது. அடி குறைந்த நாளில் இவர் இந்த ஆய்வை எல்லோருக்கும் விளக்குவார். பத்தாயிரம் தாண்டிய நாளில் இதைப்பற்றி வாய் திறக்க மாட்டார்.

அடியாவது எண்ணக்கூடிய பொருள். கலோரி அப்படியில்லை. 2017இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தார் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை அறுபது பேருக்குக் கட்டிப் பார்த்தார்கள். இதயத் துடிப்பை ஆறு கருவிகள் ஐந்து சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லின. எரித்த கலோரியைச் சொல்வதில், இருந்தவற்றுள் நல்லதே 27 சதவீதம் பிசகியது. ஆக மோசமானது 93 சதவீதம். இவருடைய இரண்டு கருவிகளும் ஒரே ஓட்டத்துக்கு இரண்டு கலோரிக் கணக்குச் சொல்லும். எதை நம்புவது என்பதை இவர் கொத்து ரொட்டிக் கடை வாசலில் தீர்மானிப்பார். பெரிய எண்தான் எப்போதும் வெல்கிறது. சில நாள் இரண்டையும் கூட்டிக்கொள்கிறாரோ என்றுகூடத் தோன்றும்.

இந்த இரட்டை ஆட்சியில் 2020 ஒரு சோதனையான ஆண்டு. மார்ச் 20 மாலை நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. வெளியே போக வழியில்லை. இவர் வீட்டு முற்றத்தில் வாகனம் நிறுத்தும் இடத்தையே சுற்றிச் சுற்றி ஓடினார். தகரக் கூரைக்குக் கீழே கடிகாரம் திணறிப்போய், அடுத்த வீட்டுக் கிணற்றுக்குள் இவர் நிற்பதாகக் காட்டியது. பட்டி மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல் எண்ணிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் கடிகாரம் மேசை மேல் கிடந்தது. பிறகு ஊர் திறந்து, கடிகாரம் மறுபடி கைக்கு ஏறிய கொஞ்ச நாளில், ஜூலை 23 அன்று கார்மின் நிறுவனத்தின் கணினிகளைப் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று முடக்கியது. உலகம் முழுவதும் பல நாட்களுக்கு ஓட்டங்கள் போனுக்குப் போய்ச் சேரவில்லை. ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அது கடிகாரத்துக்குள் பத்திரமாக இருந்தது. ஓடிய காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இவர் முகத்தில் சாவு வீட்டுக் களை. "ஓடி என்ன பிரயோசனம், பதியலையே" என்று வாவிக் கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். பட்டி இடது கையில் அன்றைய அடியைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை.

கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த டங்கன் வைட் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலை 51.8 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு நாடு ஓட்ட வீராங்கனை சுசந்திகா வரை 52 ஆண்டுகள் காத்திருந்தது. வைட் ஓடிய காலத்தில் நேரம் பார்ப்பது எல்லைக் கோட்டில் நின்றவர்களின் வேலை. ஓடியவர் ஓடினால் போதும். இதை இவரிடம் சொன்னால், போகம்பரை மைதானத்தில் தன் கடிகாரம் 400 மீற்றர் சுற்றை 412 என்று காட்டியதைச் சொல்லி, பாதையைத்தான் தவறாக அளந்திருக்கிறார்கள் என்று வாதிடுவார்.

இரண்டையும் கட்டத் தேவையில்லை என்பதும் இவருக்குத் தெரியும். 2014 அளவிலேயே ஜிபிஎஸ் கடிகாரங்கள் அடி எண்ணவும் தொடங்கிவிட்டன. போன வருடம் அப்படி ஒன்றை வாங்கவும் செய்தார். பட்டியைக் கழற்றினாரா என்றால் இல்லை. இப்போது கடிகாரத்திடமும் ஓர் அடிக் கணக்கு இருக்கிறது, அது பட்டியின் கணக்கோடு ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. நடுவராக இருக்கட்டும் என்று போனையும் சட்டைப் பையில் வைத்து எண்ணச் சொல்லியிருக்கிறார். அது மூன்றாவதாக ஓர் எண்ணைச் சொல்கிறது.

இந்தச் சந்தேகங்களுக்கு நடுவில் ஒன்றை மறைக்கக் கூடாது. இவருடைய சீனி இறங்கியிருக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர் எந்தக் கருவி என்று கேட்கவில்லை.

வாவிக் கரைக்கு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். சுற்று முடியும் இடத்தில் இவர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நடுப்பாதையில் நின்று, வலது கைக் கடிகாரத்தின் பொத்தானை அழுத்துவார். பின்னால் வருகிறவர்கள் கொஞ்சம் இடைவெளி விட்டு வாருங்கள்.