லீ ஹுவாவுக்கு ஏன் பதில் வரவில்லை?

சீனாவில் லீ ஹுவா என்றொரு பையன் இருக்கிறான். அந்தப் பெயர் ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். வசதிக்குப் பையன் என்றே வைத்துக்கொள்வோம். 1990களில் அவனுக்குப் பதினெட்டு வயது. இன்றைக்கும் பதினெட்டுதான். மீசை முற்றவில்லை, வேலைக்குப் போகவில்லை, கல்யாணம் காட்சி ஒன்றும் ஆகவில்லை. ஜூன் மாதம் பிறந்தால் போதும், பீட்டர், கிறிஸ், டெர்ரி என்று யாராவது ஒரு வெள்ளைக்கார நண்பனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவான். அதுதான் அவன் பிழைப்பு. 2017-இல் லெஸ்லிக்குத் தாங் காலத்துக் கவிதை சொல்லித்தருவதாக எழுதினான். 2018-இல் சீனர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது என்று டெர்ரிக்குப் பாடம் எடுத்தான். 2019-இல் லண்டனுக்கே போய் உட்கார்ந்துகொண்டு, ஓவியக் கண்காட்சியில் என்னைத் தொண்டராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பம் போட்டான். விமானச் செலவை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். வினாத்தாள் கொடுத்தது.

இத்தனை கடிதங்களுக்கும் இதுவரை ஒரு பதில்கூட வந்ததில்லை.

வராது. லீ ஹுவா என்று யாரும் இல்லை. சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவில் (காக்கை கரைவதுபோல் ஒலித்தாலும் பெயர் அதுதான்) ஆங்கிலக் கட்டுரையில் பிள்ளை தன் சொந்தப் பெயரை எழுதக் கூடாது. பள்ளியின் பெயரும் கூடாது. ஆகவே எல்லோரும் லீ ஹுவா ஆகிவிடுகிறார்கள். 2024-இல் அந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். ஜூன் 8 பிற்பகல் 3 மணிக்கு, நாடெங்கும் லட்சோப லட்சம் பிள்ளைகள் ஒரே பெயரில், ஒரே வெள்ளைக்காரனுக்கு, ஒரே கடிதத்தை எழுதுகிறார்கள். ஏறத்தாழ எண்பது சொல்லில். உன் பெயரைச் சொல்லாதே, உன் ஊரைச் சொல்லாதே, ஆனால் நண்பனிடம் மனம்விட்டுப் பேசு என்று ஒரு பிள்ளையிடம் கேட்கும் துணிச்சல் அரசாங்கத்துக்குத்தான் வரும்.

மொத்தம் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. தாய்மொழிக்கு எவ்வளவோ அவ்வளவு. மூன்றாம் வகுப்பில் ஏ, பி, சி தொடங்கும் பிள்ளை, பதினெட்டு வயதுவரை சளைக்காமல் படிக்கிறது. பத்து ஆண்டு உழுத பிறகு கிடைக்கும் விளைச்சலுக்குச் சீனர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஊமை ஆங்கிலம். படிக்க வரும், நிரப்ப வரும், டிக் அடிக்க வரும். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அடடா, திட்டம் தோற்றுவிட்டதே என்று இரங்க வேண்டியதில்லை. திட்டம் நன்றாகவே வேலை செய்கிறது. பிள்ளை பேசவேண்டும் என்று யார் கேட்டார்கள்? சல்லடைக்குத் துளைதான் முக்கியம். அரிசியின் மணத்தைப் பற்றி அதற்கென்ன கவலை?

சொற்பட்டியலில் இருந்து ஆரம்பிப்போம். காவ்காவுக்கு ஏறத்தாழ 3,500 ஆங்கிலச் சொற்கள் என்று கணக்கு. கடையில் விற்கும் சொற்புத்தகங்கள் அகர வரிசையில் இருக்கும். திறந்தவுடன் கண்ணில் படும் முதல் கனத்த சொல் அபாண்டன். கைவிடு என்று பொருள். முதல் பக்கத்திலேயே புத்தகம் நல்ல புத்தி சொல்லிவிட்டது என்று மாணவர்கள் சிரித்துக்கொண்டு மூடிவைப்பார்களாம். நம் காதில் அது அபாண்டம் என்று விழுந்தால் அது காதின் குற்றமல்ல.

சொல் மண்டையில் ஏறாவிட்டால் அதற்கும் ஒரு மருந்து உண்டு. ஆங்கிலச் சொல்லின் ஓசையைச் சீன வாக்கியமாக மடக்கிக்கொள்வது. ஆம்பிஷன் என்றால் ‘ஆன் பீ ஷெங்’, நான் வென்றே தீருவேன். ஆம்புலன்ஸ் என்றால் ‘ஆன் பு நெங் ஸ’, நான் சாகக் கூடாது. 2012-இல் ஹூபெய் மாகாணத்துப் பள்ளி ஒன்றின் வகுப்பறைப் படம் வெளியாகி உலகமே பார்த்தது. தலைக்கு மேலே டிரிப்ஸ் பாட்டில்கள் வரிசையாகத் தொங்க, கையில் ஊசியோடு, அமினோ அமிலம் ஏற்றிக்கொண்டே பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆம்புலன்ஸ் என்ற சொல் மறந்திருக்காது.

இந்த வரிசையில் என் மனத்தை விட்டு அகலாத சொல் எகானமி. ‘யீ காவ் நோங் மின்’ என்று மடக்கிக்கொள்வார்கள். பொருள்: விவசாயியை நம்பி. பொருளாதாரத்துக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை எந்தப் பேராசிரியரும் தரவில்லை. அந்த விவசாயியின் பிள்ளை பிறகு வருகிறாள்; இப்போதைக்கு அவளை வாசலில் நிற்க வைப்போம். சீனாவில் அதுதான் வழக்கம்.

சொல் முடிந்தால் கையெழுத்து. விடைத்தாளை ஸ்கேன் செய்து, திருத்துபவர் கணினித் திரையில் பார்த்து மதிப்பெண் போடுவார். எதிரே மலைபோல் குவிந்திருக்கும் தாள்களில் உங்கள் கடிதத்துக்கு எத்தனை நொடி கிடைக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். படிக்க நேரமில்லாதவரைப் பார்க்கவைத்தே மயக்கவேண்டும் அல்லவா? ஹெபெய் மாகாணத்தின் ஹெங்ஷுய் பள்ளிகள் அதற்கு வழி கண்டன. விடிவதற்கு முன் எழுந்து, ஓட்டப் பயிற்சிக்கு வரிசையில் நிற்கும்போதும் கையில் தாளை வைத்துக் கத்திப் படிக்கும் பிள்ளைகளின் ஊர் அது. அங்கே பிறந்த ஆங்கிலக் கையெழுத்துக்கு ‘ஹெங்ஷுய் எழுத்து’ என்றே பெயர். ஒவ்வோர் எழுத்தும் உருண்டு, நிமிர்ந்து, ஒரே இடைவெளியில், அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். இதற்கென்று பயிற்சி ஏடுகள் விற்பனையாகின்றன. மனிதனைப்போல் எழுதும் இயந்திரத்துக்காக ஒரு பக்கம் கோடி கோடியாகக் கொட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் இயந்திரம்போல் எழுதும் மனிதனை இலவசமாகத் தயாரிக்கிறார்கள்.

கையெழுத்தே வார்ப்பு என்றால் வாக்கியம் மட்டும் சொந்தமாக இருக்குமா? எல்லாம் தயார்நிலையில் கிடைக்கும். ‘எல்லோரும் அறிந்தபடி’ என்று தொடங்கு. ‘ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு பக்கம்’ என்று நடுவில் செருகு. ‘இப்படிச் செய்தால் மட்டுமே நம்மால்’ என்று வாக்கியத்தைத் தலைகீழாக நிறுத்தி முடி. தலைகீழ் வாக்கியத்துக்குத் தனி மவுசு. மரம் நடுவதைப் பற்றியோ மண்பானையைப் பற்றியோ எழுதினாலும் அந்த நாணயம் உருண்டு வந்தே தீரும்.

அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பாதிக் கதையைக் கொடுத்து, மீதியை 150 சொல்லில் நீ முடி என்பார்கள். 2020-இல் ஜெஜியாங் மாகாணத் தாளில், முகாமில் தங்கியிருந்த தம்பதியை ஒரு பனிக்கரடி தாக்க வந்தது. பட்டு நெசவுக்கும் தேயிலைக்கும் பேர்போன மாகாணத்துப் பிள்ளைகள் அந்தக் கரடியை ஆங்கிலத்தில் விரட்டவேண்டும். விரட்டினார்கள். பயம் வந்தால் எழுதவேண்டிய வரி, கண்ணீர் வந்தால் எழுதவேண்டிய வரி, கடைசியில் சூரியன் எட்டிப்பார்க்கும் வரி எல்லாம் முன்பே நெட்டுருப் போட்டதுதான். காலை முதல் இரவு வரை பெஞ்சில் கட்டிப்போட்டிருக்கும் பிள்ளைக்குச் சொந்தமாக அழ நேரமில்லை. ஆங்கிலத்தில் மட்டும் கன்னத்தில் தாரை தாரையாக வழிகிறது.

படித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு வருவோம். அதற்கும் படிக்காமல் பிழைக்கும் சூத்திரம் உண்டு: நான்கு விடைகளில் மூன்று நீளம் ஒன்று குட்டை என்றால் குட்டையைத் தொடு, மூன்று குட்டை ஒன்று நீளம் என்றால் நீளத்தைத் தொடு. பத்து ஆண்டு மொழிக் கல்வி கடைசியில் அளவுகோலில் வந்து நிற்கிறது. ஆனால் என் கோபம் பிள்ளைகள் கண்ட இந்தக் குறுக்குவழியில் இல்லை. அந்தப் பத்திகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி, சுருக்கி, சுத்தம் செய்து போடுகிறார்கள். தேனீ, பூங்கா, நூலகம், முதியோர் நலம் என்று யாருக்கும் வலிக்காத சங்கதிகள். அதே பத்திரிகையை அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் திறந்து பார்க்கட்டும். நியூயார்க் டைம்ஸ் தளம் 2012 முதல் அங்கே கிடையாது. விக்கிப்பீடியா 2019 முதல் எந்த மொழியிலும் கிடையாது. பூட்டுப் போட்ட வீட்டின் சாவியை எப்படிச் செய்வது என்று பத்து ஆண்டு பயிற்சி கொடுத்து, செய்த சாவியை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு 150-க்கு எவ்வளவு என்று எடைபோட்டு அனுப்புகிறார்கள். இந்தக் கயமைக்குக் கல்வி என்று பெயர்.

ஊமைகள் பெருகினால் பேசவைக்கும் வைத்தியர்களும் பெருகுவார்கள். லீ யாங் என்பவர் ‘கிறுக்கு ஆங்கிலம்’ என்று கடைவிரித்தார். ஸ்டேடியம் நிறைய ஆட்களை நிறுத்தி, தொண்டை கிழிய ஆங்கிலத்தில் கத்தவைத்தார். வெட்கத்தைக் கொன்றால் மொழி வந்துவிடும் என்பது சித்தாந்தம். காசு கொட்டியது. 2011-இல் அவருடைய அமெரிக்க மனைவி தன் காயங்களின் படத்தை வெளியிட்டார். 2013-இல் பெய்ஜிங் நீதிமன்றம் குடும்ப வன்முறையை ஏற்று மணவிலக்குக் கொடுத்தது. வெட்கத்தைக் கொல்வதில் அவர் பொய் சொல்லவில்லை.

யூ மின்ஹோங் கதை வேறு. இரண்டு முறை காவ்காவில் தோற்று, மூன்றாம் முறை, 1980-இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் நுழைந்தவர். நியூ ஓரியண்டல் என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கிப் பெரும் செல்வரானார். தோல்வியின் வலி தெரிந்தவர். அதை என்ன விலைக்கு விற்கலாம் என்பதும் தெரிந்தவர். 2021 ஜூலையில் அரசு திடீரென்று விழித்துக்கொண்டது. ஐயோ, பிள்ளைகளுக்குச் சுமை அதிகம் என்று கண்ணைக் கசக்கியது. கட்டாயக் கல்வி வகுப்புகளின் பாடங்களுக்கு லாபநோக்குப் பயிற்சி கூடாது என்று ஆணை போட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. காவ்காவ் அப்படியே இருந்தது, 150 அப்படியே இருந்தது. போனது வாத்தியார்களின் வேலைதான். நியூ ஓரியண்டலில் மட்டும் ஏறத்தாழ 60,000 பேர். ஆசிரியர் போய்விட்டார், தேர்வு போகவில்லை. இனிப் பணக்காரன் வீட்டுக்கே ஆள் வைத்துக்கொள்வான். மற்றவன் விதியே என்று இருப்பான்.

நிறுவனம் சளைக்கவில்லை. மிச்சமிருந்த ஆசிரியர்களைக் கேமரா முன் நிறுத்தி மளிகைக்கடை திறந்தது. 2022 ஜூனில் டோங் யூஹுய் என்ற ஆங்கில ஆசிரியர், மாட்டிறைச்சித் துண்டை விற்றுக்கொண்டே பக்கத்தில் வெள்ளைப் பலகையில் அதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதி விளக்கினார். நாடே சொக்கிப்போனது. ஒரு விவசாயி மகன், மேல்நிலைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் சட்டம் தடுக்கும். இறைச்சியோடு சேர்த்துக் கொடுத்தால் தடுக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கறிக்கு உதவிய ஒரே ஆங்கிலப் பாடம் இதுவாகத்தான் இருக்கும்.

பிள்ளைகளைச் சலிக்கும் அந்தத் தேர்வுச் சல்லடையாவது நேர்மையானதா? 2018 நவம்பரில் ஜெஜியாங் மாகாண ஆங்கிலத் தாள் கடினமாகிவிட்டது என்று அதிகாரிகள் தாங்களாகவே சில கேள்விகளுக்கு மதிப்பெண்ணை ஊதிப் பெருக்கினார்கள். பெற்றோர் கொந்தளித்தார்கள். மாகாண அரசு விசாரித்துத் தவறு என்று ஒப்புக்கொண்டு, பழைய மதிப்பெண்ணையே திருப்பிக் கொடுத்தது. கல்வித் துறைத் தலைவர் பதவி இழந்தார். ஒரு சொல்லில் ஓர் எழுத்துப் பிசகினால் பிள்ளையின் தலைவிதி மாறும். அதிகாரி கணக்கையே மாற்றினால் அதன் பெயர் நிர்வாகம்.

வாசலில் நிற்கவைத்த விவசாயி மகள் இப்போது உள்ளே வரலாம். பெய்ஜிங்கின் அடுக்குமாடிகளுக்குச் செங்கல் சுமந்தவன் அவள் அப்பன். அவள் பெய்ஜிங்கில் வளர்ந்தாலும், குடும்பப் பதிவு சொந்த ஊரில் இருப்பதால் காவ்காவ் எழுத அந்த மாகாணத்துக்கே திரும்பிப் போகவேண்டும். நல்ல பல்கலைக்கழகங்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் தாராளம். அவள் மாகாணத்துக்கு எண்ணிக் கொடுத்த இடம். இப்படிப்பட்ட பிள்ளைகளில் ஆங்கிலத்தில் தேறாதவர்களுக்கு இப்போது ஒரு புதிய வழி: பாதியில் ஜப்பானிய மொழிக்கு மாறிவிடுவது. சீன எழுத்து கலந்திருப்பதால் சுலபம். மாலையில் தொலைக்காட்சியில் ஜப்பானியப் படையைச் சுட்டுத்தள்ளும் தொடரைப் பார். காலையில் ஜப்பானிய வினைச்சொல்லைப் படி. தேசபக்திக்கும் மதிப்பெண்ணுக்கும் தனித்தனிப் பாடவேளை.

ஆங்கிலமே வேண்டாம், முதன்மைப் பாடத்திலிருந்து தூக்கு என்று அவ்வப்போது அரசியல் அவைகளில் குரல் எழும். 2013-இல் பெய்ஜிங் நகரமே 150-ஐ 100 ஆக்கப்போவதாக அறிவித்துப் பின் அடங்கிப்போனது. 2021-இல் ஷாங்காய் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கில இறுதித் தேர்வை எடுத்தார்கள். வைக்கவேண்டும் என்பவருக்கும் எடுக்கவேண்டும் என்பவருக்கும் நடக்கும் சண்டையில் நான் எந்தப் பக்கமும் இல்லை. இந்தப் பிள்ளை இந்த மொழியில் யாரிடமாவது எதையாவது சொல்லப்போகிறது என்ற நினைப்பு இரு தரப்புக்கும் கிடையாது.

எனவே என் விண்ணப்பம் பீட்டருக்கு. அன்புள்ள பீட்டர், வரும் ஜூன் 8 பிற்பகலிலும் லீ ஹுவா உனக்கு எழுதுவான். கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும், நாணயத்தின் இரண்டு பக்கமும் வரும், பொறுத்துக்கொள். இந்த முறையாவது ஒரு வரி பதில் போடு. உன் உண்மைப் பெயர் என்ன என்று கேள். ஜிமெயிலில் மட்டும் அனுப்பாதே. 2014 கடைசியிலேயே அதை அடைத்துவிட்டார்கள்.